கயிற்றை விடாத வால்டர்

அன்று காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது விடுதி வாசலில் வண்டிக்காரர் பழனி வந்து நின்றார். உடம்பெல்லாம் நனைந்திருந்தது. கையில் வால்டரின் அகலத் தொப்பி.

"தம்பி, வால்டர் போயிட்டாருப்பா. நம்ம செவலைக் காளைதான் ஆத்துக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்பதை, அவனை அறிந்த விடுதித் தோழர்களாகிய உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

வால்டர் டெக்சாஸ்காரன். அவன் அப்பா மேல்பர்மாவில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர். மகனைப் படிக்க ரங்கூனில் விட்டிருந்தார். நான் காங்கேயத்திலிருந்து கப்பலேறி வந்தவன். இரண்டு பேருக்கும் ஒரே அறை. முதல் நாள் அவன் பெட்டியிலிருந்து வெளியே வந்தது புத்தகம் அல்ல, ஒரு சுருக்குக் கயிறு. "எங்கள் ஊரில் மாடு மேய்ப்பவன்தான் ராஜா" என்றான். எங்கள் ஊர்க் காளையைப் பார்த்தால் உன் ராஜா தொப்பியைக் கழற்றிவிடுவான் என்றேன். அன்று ஆரம்பித்த சண்டை ஓயவே இல்லை.

ஊர்ப்பெருமை பேசினால் அதைச் செய்து காட்டாமல் விடமாட்டான். லத்தா கடைத்தெருவில் ஓடிய சேவலைச் சுருக்குப் போட்டுப் பிடித்ததும், சேவலின் சொந்தக்காரரான சீனக் கடைக்காரர் துடைப்பத்தோடு துரத்தியதும், நாம் எல்லோரும் ஓடியதும் உங்களுக்கு மறந்திருக்காது. தமிழை என்னிடம்தான் கற்றான். கொங்குத் தமிழாகையால் மாட்டுக்கும் மரியாதைதான். பழனியின் செவலைக் காளையிடம் போய், "நில்லுங்க, கொஞ்சம் நில்லுங்க" என்பான். படகுத்துறை வண்டிக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் விளையாட்டுக் கிடையாது. அவன் ஊரில் கயிற்றின் மறுநுனியைக் குதிரைச் சேணத்தின் முன்கொம்பில் இறுகக் கட்டிவிடுவார்களாம். பிடித்த மாட்டை விடுகிற பேச்சே இல்லை. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் குதிரைக்கு எங்கே போவான்? தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவுத்துப் போடு மாப்ளே. மாடு மெரண்டா கயித்த உட்டுரோணும். அது தானா ஊடு வந்து சேரும்" என்றேன்.

"உட்டவன் டெக்சாஸ்காரன் இல்லீங்க" என்று சிரித்தான்.

விடியற்காலையில் துறைக்குப் போய் மாடுகளோடு நிற்பது அவன் வழக்கம். அன்று த்வாண்டே ஊரிலிருந்து படகில் வந்த பானைகளை வண்டியில் ஏற்றும்போது நீராவிப் படகு ஒன்று சங்கு ஊதியிருக்கிறது. மிரண்ட செவலை நுகத்தை உதறிவிட்டுச் சந்தைக்குள் பாய்ந்தது. அங்கே பெண்கள் தரையில் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். வால்டர் வீசிய சுருக்கு கொம்பில் சரியாக விழுந்தது. மாடு திரும்பியது, அந்தப் பெண்கள் பிழைத்தார்கள். திரும்பிய மாடு வால்டரையும் இழுத்துக்கொண்டு நேரே ஆற்றில் இறங்கியது. பழனி கத்தியோடு குதித்துக் கயிற்றை அறுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் அப்பா ரயிலில் வந்து சேர்ந்தார். மகனைப் போலவே நெடிய மனிதர். என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"கயிற்றை எங்கே கட்டியிருந்தான்?"

"இடுப்பில்."

மகனின் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். குதிரை இல்லாவிட்டால் கட்டாதே என்று சொல்லத் தோன்றவில்லை. குதிரை இல்லாத இடத்துக்கு அவனைக் கூட்டி வந்தவனும் நான்தான்" என்றார். தொப்பியை அவனோடு சேர்த்தே புதைத்தோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவன் இறந்த அன்று சாயங்காலம் செவலை எங்கேயோ கரையேறி, சேறும் சகதியுமாகத் தானே நடந்து வந்து வண்டிப்பேட்டையில் தன் இடத்தில் நின்றது. யாரும் அதைத் தேடிப் போகவில்லை. கொம்பில் அறுந்த கயிறு தொங்கியது. பழனி அதை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். வால்டருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு முழக் கயிறுதான். அதோடு, எங்கள் சண்டையில் எனக்குக் கிடைத்த வெற்றியும் இருக்கிறது.

மாடு வீடு வந்து சேர்ந்துவிட்டது, வால்டர். நான் சொன்னது சரிதான். இதை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?