கதவு வைத்த முதல் வீட்டில் நாய் குடியிருந்தது

சவரிமுத்து சார் போயிட்டார்.

காலையில் ஆவூரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க அங்கிள்..." அடக்கம் எப்போதென்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன்.

இந்தக் குரூப்பில் பலருக்கு அவரைத் தெரியாது. அறுபதுகளில் நம்ம ஊர் முனிசிபாலிட்டியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். நான் அப்போதுதான் டிப்ளமோ முடித்து ஓவர்சியராகச் சேர்ந்திருந்தேன். என்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவர்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நேரே நாய்க்கு வருகிறேன்.

துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு முழுக்கக் கீற்றுக் குடிசைகள். வாசலில் சாக்குத்தான் தொங்கும். நாய்கள் உள்ளே புகுந்து பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளும்.

ஓடு போட்டு வீடுகளைச் சீர்படுத்தும் திட்டம் வந்தது. மாதிரிக்கு, முனிசிபாலிட்டியில் துப்புரவு வேலை பார்த்த மாரியாயியின் வீட்டை முதலில் முடித்தோம். ஓடு, ஜன்னல், பலகைக் கதவு.

அடுத்த வீட்டை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். ஒரு செவலை நாய் ஓடி வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. பக்கத்தில் நின்ற சவரி சார்தான் அதை இழுத்து விலக்கினார்.

காயம் சின்னதுதான். ஆனால் அரிமளம் பக்கத்து ஆள் ஒருவர் வெறிநாய் கடித்துக் கொஞ்ச நாள் முன்புதான் செத்திருந்தார். தண்ணீர்ச் செம்பைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நானே கேட்டிருக்கிறேன்...

டாக்டர் சொன்னார்: "ஊசி மருந்து வெளியூர்ல இருந்து வரணும்ங்க. அதுவரைக்கும் நாயை விட்றாதீங்க. பத்து நாள் அது நல்லா இருந்தா நீங்களும் நல்லா இருப்பீங்க."

"இல்லேன்னா?" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாயை எங்கே அடைப்பது? அந்தக் குடியிருப்பிலேயே கதவு இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். சவரி சார் அங்கேயே கட்டினார்.

மாரியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "பால் காய்ச்ச நாள் பாத்து வச்சிருந்தேன்யா. எனக்கு முன்னாடி இது குடி வந்துருச்சா?"

அந்த வாரமே கவுன்சில் கூட்டம். முதலில் நாய்ப் பிரச்சினை. வரி கட்டி, கழுத்தில் தகர வில்லை மாட்டாத நாய்களையெல்லாம் மறுநாளிலிருந்து மருந்து வைத்துக் கொல்வதென்று தீர்மானம். எல்லோரும் கை தூக்கினார்கள்.

அடுத்தது வீடு சீரமைப்பு. அந்த வார்டு கவுன்சிலர் எழுந்தார். "தலைவரே, சனங்களுக்கு வீடு கட்டச் சொன்னா நாய்க்குக் கட்டி வச்சிருக்காங்க! காத்து வாங்க ஜன்னல் வேற!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. "இன்னைக்கே வெளிய இழுத்து அதையும் முடிச்சு விடுங்க" என்றார் அவர்.

கேட்டால் ஒழிய ஓவர்சியர் பேசக்கூடாது. கேட்டிருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

சவரி சார் எழுந்து பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். உள்ளே கட்டுப் போட்டிருந்தது.

"ஓவர்சியரைக் கடிச்சதுங்க. இழுக்கயில என்னையும் புடிச்சிருச்சு. ஒங்க தீர்மானம் சரிங்க... ஆனா இது ஒண்ணு மட்டும் இப்பச் சாகக்கூடாது."

எனக்கே அப்போதுதான் தெரியும்.

தலைவர் ஒன்றே ஒன்று கேட்டார். "கதவை நல்லாப் பூட்டியிருக்கீங்களா இன்ஸ்பெக்டரே?" பிறகு சாக்கடைப் பிரச்சினைக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்ததும் கத்தினேன். "ஏன் சார் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா ரெண்டு பேருக்கும் சேத்து நீயே பயந்துருவே தம்பி" என்றார்.

ஊசி மருந்து வந்தபாடில்லை. அதன் பிறகு தினமும் ஆபீஸ் பானையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பேன்... இறங்குகிறதா என்று. அவரும் குடிப்பார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஒரு நாள் நாய் தண்ணீர்ச் சட்டியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சவரி சார் "மாதாவே..." என்று சுவரில் சாய்ந்துவிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாரியாயி வந்து சட்டியைத் தூக்கி மூக்கருகே வைத்தாள். "இதை எதுல கழுவுனீங்க?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு... பினாயில்ல" என்றார் சவரி சார்.

"நல்ல இன்ஸ்பெக்டரய்யா! எங்க, நீங்க ஒரு மடக்குக் குடிங்க பாப்போம்!"

அவள் தன் சட்டியில் கஞ்சித்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நாய் நக்கி நக்கிக் குடித்தது. நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அது குடிக்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

பத்தாம் நாள் விடிந்ததும் போனோம். உள்ளே சத்தமே இல்லை. குரைப்பு இல்லை, சங்கிலி இழுபடவில்லை.

சவரி சார் சாவியைப் பூட்டு வரை கொண்டுபோனார். அப்படியே திரும்பி அதை என் கையில் திணித்துவிட்டார். கவுன்சில் முழுக்கப் பார்க்க அப்படி நின்ற மனுஷன்.

"நீ தொற தம்பி. என்னால ஆகலை."

திறந்தேன்.

நாய் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது, திரும்பிப் படுத்துக்கொண்டது. சவரி சார் வாசலில் நின்று அழுதார். நானும்தான்.

அடக்கம் நாளை சாயங்காலம் ஆவூரில், சர்ச்சில் பூசை முடிந்ததும்.

அந்தப் பக்கம் கார் எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போய்விடுவேன்... ஆனால் அவர் முகத்தைத் தனியாகப் போய்ப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

போய் வாங்க சார்.