முப்பத்தொரு புள்ளிகள்

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால். நாற்காலிக் கைப்பிடி சுடும் அளவுக்கு வெயில், காற்று இல்லை. சமயநல்லூரில் என் எதிர்வீட்டு மருமகள், முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள், மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள்.

அறுபது வார்த்தைகள். மழை, மருமகன், கடன், ஊறுகாய் என்று வரிசையாக. ஒவ்வொன்றும் எவ்வளவு இனிமை என்று ஒன்றிலிருந்து ஏழுக்குள் மதிப்பெண் போட வேண்டும். இதற்கும் ஒரு பட்டமாம். காலையில் என்னோடு நடக்க வருகிறவர்களிடம் நிரப்பி வாங்கித் தரும்படி நாற்பது படிவங்களை என்னிடம்தான் கொடுத்திருந்தாள்.

திரையில் ஆளுக்கொரு புள்ளி. ஒரே மாதிரி மதிப்பெண் போட்டவர்களுக்கு இடையில் கோடு. நடுவில் புள்ளிகள் நெருக்கியடித்து ஒரு பந்து; ஓரத்தில் சில உதிரிகள்.

"பாத்தீங்களா சார், இவங்க அம்புட்டுப் பேரும் ஒரே மாதிரி யோசிக்கிறாங்க. இதான் என் கடைசி அத்தியாயமே. வியாழக்கிழமை கைடுகிட்ட காட்டணும்."

பந்தை எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினாலும் முப்பத்தொன்று.

தாங்களாக நிரப்பியவர்கள் ஒன்பது பேர்தான். மற்றவர்கள், "நீங்களே போட்டு விட்டுருங்க சார், உங்களுக்குத் தெரியாததா" என்று படிவத்தை என் கையிலேயே திணித்தார்கள். வங்கிச் சலானும் ரேஷன் மனுவும் நான் எழுதித் தருவதுதானே வழக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் புகுந்து யோசித்தே போட்டேன். வெங்காய வியாபாரிக்கு மழை ஆறு. பெண்ணைக் கட்டிக்கொடுத்து நொந்தவருக்கு மருமகன் இரண்டு. முப்பத்தொரு மனிதர்களை உண்டாக்கிவிட்டதாக எனக்கு நினைப்பு. மடிக்கணினி என்கிற இந்தத் தகரப் பெட்டி எல்லாம் ஒன்று என்கிறது. படித்த பெண் அதை ஊரின் மனசு என்று வாசிக்கிறாள். எங்கள் மூவரில் யார் பெரிய முட்டாள் என்று இன்னும் முடிவாகவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால், என் ஒருவன் மூளையை ஊர் என்று காட்டி அவள் பட்டம் வாங்கியிருப்பாள். சொல்லிவிட்டேன்.

திரையில் அந்தப் பந்தின் மேல் விரலை வைத்தாள். "அப்ப இந்த முப்பத்தொண்ணும் நீங்கதானா சார்?"

"ஆமா."

"ஊறுகாய்க்கு எல்லாரும் ஒண்ணே போட்டிருந்தாங்க. அப்பவே யோசிச்சேன்."

எனக்கு ரத்தக்கொதிப்பு. ஊறுகாயைத் தொட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது.

புதன்கிழமை காலை முப்பத்தொரு பேரையும் டீக்கடையில் உட்கார வைத்து, பேனா கொடுத்து, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காதபடி காவல் நின்றேன். வெங்காய வியாபாரி மழைக்கு ஒன்று போட்டார்.

"சரக்கு அழுகிப்போகும்ல சார். இம்புட்டுப் படிச்சவுகளுக்கு இது தெரியாதா?"

வியாழக்கிழமை பந்து இல்லை. நாற்பது புள்ளிகளும் நாலாபக்கம் சிதறிக் கிடந்தன. கைடு இன்னும் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்.

ஜெராக்ஸ் 186, பேனா 155, டீயும் வடையும் 620. ஆக, என் கையைவிட்டுப் போனது 961 ரூபாய்.