நடத்தை சரியில்லை என்று ஒரு கடிதம்

1. ஒரே சிவப்பு அட்டை

ஒரே ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கிய இரண்டு பேர், ஒரே காலையில் எங்கள் தேர்வுக்கு வந்து நின்றார்கள். ஒருவன் கிள்ளானைச் சேர்ந்த தினேஸ், கோல் அடிப்பவன். இன்னொருவன் சுங்கை வே பகுதியைச் சேர்ந்த சர்வின், தடுப்பு ஆட்டக்காரன். பள்ளிப் போட்டியொன்றில் எதிரெதிர் அணிகளில் ஆடி, கைகலப்பில் வெளியேற்றப்பட்டவர்கள்.

அப்போது நான் ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டுப் பிரிவில் உதவி அதிகாரி. காற்பந்து ஆடுபவர்களின் படிப்புச் செலவுக்குத் தரும் உபகாரச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் குழுவில் மூன்று பேர்: பயிற்சியாளர் குணா, மாணவர் பிரிவுத் தலைவர், நான். ஆட்டத்துக்கு எழுபது மதிப்பெண், நடத்தைக்கு முப்பது. 'திறமையைவிட நற்குணமே எங்களுக்குப் பெரிது' என்று கல்லூரிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். எழுதியவர் ஒரு நாளாவது பாடாங் திடல் பக்கம் வந்திருப்பாரா என்பது சந்தேகம்.

நடத்தையை விசாரிப்பது என் வேலை. அந்த ஆட்டத்தின் நடுவரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். "அடிச்சது கிள்ளான்காரன்தாம்மா. கோல்கீப்பர் மூக்குல குத்திட்டான். அந்த சுங்கை வே பையன் விலக்க வந்தவன். தள்ளுனாங்க, திருப்பித் தள்ளுனான். ரூல்படி ரெண்டு பேருக்கும் கார்டு" என்றார். சர்வினின் வீட்டுக்கும் போனேன். அவன் அம்மா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்பவர். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.

2. குழு கூடியது

அறிக்கையைக் குழுவில் மற்ற இருவரும் புரட்டக்கூட இல்லை.

"தினேஸ்கிட்ட ஒரு ஃபயர் இருக்குக்கா," என்றார் குணா. "அந்தக் கோவம் இல்லன்னா கோல் வராது."

"சர்வின்?"

"டிசிப்ளின் ப்ராப்ளம். ரெட் கார்டு வாங்கியிருக்கானே."

"ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்துலதானே வாங்குனாங்க?"

"என்னக்கா நீங்க! போன வருசம் ஃபைனல்ல கோல் இல்லாம தோத்தோம். இந்த வருசம் யாரு அடிப்பா, நீங்க அடிப்பீங்களா?"

மீதமிருந்தது ஒரே ஓர் இடம். தடுப்பு ஆட்டக்காரர்கள் ஏற்கனவே நிறைய பேர் இருந்தார்கள். அதைச் சொல்லிச் சர்வினை அனுப்பியிருக்கலாம். யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் ஆட்டத்தில் அவன் தினேஸைவிட இரண்டு மதிப்பெண் கூட எடுத்திருந்தான். கூடுதலாக எடுத்தவனை ஏன் விட்டோம் என்று மேலிடம் கேட்கும்.

தலைவர் பேனாவை எடுத்தார். "நடத்தையில குறைச்சிடுவோம்லா. அதுக்கு யாரு வந்து கணக்குக் கேக்கப் போறா?"

தினேஸுக்கு இருபத்தெட்டு. சர்வினுக்கு ஒன்பது. கீழே மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது என்னுடையது. துப்பாக்கி முனையில் யாரும் என்னை மிரட்டவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, போட்டேன். மற்ற இருவரையும் இங்கே ஏசுகிறேன் என்றால், என்னை முதலில் ஏசிவிட்டுத்தான்.

'நடத்தை திருப்திகரமாக இல்லாததால்' என்று கல்லூரி முத்திரையுடன் கடிதம் சர்வினின் வீட்டுக்குப் போனது.

3. ஃபயர் எரிந்த விதம்

மூன்றாம் மாதம், பயிற்சிக்குப் பேருந்து தாமதமாக வந்தது என்று ஓட்டுநரை அறைந்தான் தினேஸ். அறை வாங்கியவருக்கு அவன் அப்பா வயது. குழு மறுபடியும் கூடியது.

"சின்னப் பையன், பிரஷர்லா," என்றார் தலைவர். ஒரு மணி நேர ஆலோசனை வகுப்போடு விஷயம் முடிந்தது. ஓட்டுநரை வேறு தடத்துக்கு மாற்றினார்கள்.

தினேஸ் கெட்டுச் சீரழிந்தான் என்று எழுதினால் படிப்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கோல்கள் அடித்தான், வெற்றிக் கிண்ணம் வந்தது. பரிசளிப்பு விழாவில் தலைவர் அவன் தோளில் கை போட்டு, "ஒழுக்கம்தான் இந்த வெற்றிக்குக் காரணம்" என்று பேசினார். குணா கைதட்டினார்.

4. சுங்கை வே

மறுவாரம் சர்வினைப் பார்க்கப் போனேன். ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான்.

"உன் நடத்தையில ஒரு குறையும் இல்லப்பா. எங்களுக்குக் கோல் அடிக்கிறவன் வேணும், அதான்," என்றேன்.

"அது எனக்குத் தெரியும் மிஸ்," என்றான். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "எங்கம்மாகிட்ட சொல்லுங்க. அவங்க லெட்டர நம்பிட்டாங்க."

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். பையனின் சகவாசம் சரியில்லை என்று முடிவு கட்டி, பூட்ஸைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார் அம்மா. கிளப் ஆட்டத்துக்கும் தடை. நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"வீட்டுக்கு வந்து நல்ல பிள்ளைன்னு நீங்கதான சொன்னீங்க. அப்புறம் கையெழுத்துப் போட்டதும் நீங்கதானா?"

"நான்தாம்மா."

"ஒரு வருசமா எம்பிள்ளைய நான் திட்டிக்கிட்டு இருக்கேன் மேடம். இப்ப வாயால வந்து சொல்றீங்க. அதையும் எழுத்துல கொடுங்க."

அங்கேயே எழுதினேன். முத்திரை இல்லை, என் பெயரும் கையெழுத்தும் மட்டும். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மகனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

ஆள் எடுக்கும் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இடமில்லை என்றால் இடமில்லை என்று எழுதுங்கள். கோல் அடிப்பவன்தான் வேண்டுமென்றால் வெட்கப்படாமல் அதையே எழுதுங்கள். உங்கள் வசதிக்காக ஒருவனின் குணத்தில் கை வைக்காதீர்கள். அந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பது அவன் அம்மாவாக இருக்கலாம்.