அம்மா வழி ரத்தம்

எனக்கு அத்தை மகனைத்தான் கட்டிவைத்தார்கள். அதனால் என் மகனின் காதிலிருந்து ரத்தம் நிற்காமல் வழிந்தபோது, காரணம் கண்டுபிடிக்க யாருக்கும் அரை நிமிடம்கூட ஆகவில்லை. "சொந்தத்துல கட்னா இப்படித்தான் ஆவும்" என்றார்கள். கல்யாணத்தன்று இதே வாய்கள்தான் "சொந்தம் விட்டுப் போவக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே பாயசம் குடித்தன.

காது குத்தியது கோயிலில். தாய்மாமன் மடி என்று என் அண்ணன் மடியில் உட்காரவைத்திருந்தோம். ஆசாரி குத்தினார், பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும் போல வீறிட்டான். ரத்தம் நிற்கவில்லை. மஞ்சள் வைத்தார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள், யாரோ காப்பித்தூளை அள்ளி அப்பினார்கள். பந்தி முடிந்த பிறகும் அண்ணனின் புது வேட்டி நனைந்துகொண்டே இருந்தது. ஊசியில் துரு என்று அந்த ஆசாரியைப் பிடித்துக் கிழிகிழி என்று கிழித்தார்கள். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஹீமோபிலியா என்றார் டாக்டரம்மா. ரத்தத்தை உறையவைக்கும் ஒரு பொருள் இவன் உடம்பில் உண்டாகவில்லையாம். "சொந்தத்துல கல்யாணம் பண்ணதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. பெரும்பாலும் இது அம்மா வழியா வரும். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, சுமப்பாங்க. பிறக்கிற பையனுக்கு வரலாம்" என்றார்.

இதைக் கேட்டு ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் போன உயிர் திரும்பி வந்தது. என் மாமியார், அதாவது என் அப்பாவின் தங்கை. அண்ணன் மகளை வேண்டுமென்று கேட்டுக் கட்டியவர் அவர்தானே, அதுவரை அவர் தலைதான் உருண்டுகொண்டிருந்தது. "எங்க அண்ணன் ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல. இது உங்கம்மா கொண்டாந்த ரத்தம்" என்றார். என் அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறாள்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் டாக்டரே சொன்ன பிறகு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது.

என் கணவருக்குச் சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். மற்ற வீடுகளில் பிள்ளை நடை பழகினால் கைதட்டுவார்கள். எங்கள் வீட்டில் நான் அவன் பின்னாலேயே தலையணையோடு அலைந்தேன். சிமெண்ட் தரையில் ஒருமுறை குப்புற விழுந்தால் போதும், முட்டிக்குள்ளே ரத்தம் கசிந்து பலாக்கொட்டை அளவு முட்டி பலாக்காய் அளவு ஆகிவிடும். உடனே ஊசிக்கு ஓட வேண்டும். ஊசி போட்டாலும் வீக்கம் வடியும்வரை அந்தக் காலைத் தொட விடமாட்டான். எங்கள் பிளாக்கில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது ஜன்னலை மூடிவிடுவேன். அவன் பார்க்கிறான் என்பதைவிட, அவன் பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு ஒரே தங்கை. முத்தாண்டிக்குப்பத்தில் அன்னியத்தில் கொடுத்திருந்தோம். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட்டில் அவளுக்கு வேலை, ஒரு பெண் குழந்தை. அவள் இரண்டாவதாக உண்டாகியிருந்த சமயம், என் மகனுக்கு முட்டி வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பார்க்க வந்தாள். போர்வை நுனி காலில் பட்டதற்கு அவன் போட்ட கூச்சலில், கையில் இருந்த பையை வைக்கக்கூட மறந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வந்ததும் நேராகக் கேட்டாள். "எனக்கும் அந்த ரத்தம்தானுங்களா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பையனோட மரபணுவுல கோளாறு எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அது தெரிஞ்சாதான் உங்ககிட்ட அதே கோளாறு இருக்கான்னு தேட முடியும். வழக்கமா இருக்கிற எடத்துல பார்த்தோம், இல்ல. வெளியூர் லேபுக்கு அனுப்பியிருக்கோம். கொஞ்சம் பொறுங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் வயிறு பொறுக்குமா? அவள் மாமியார் ஒன்றும் ராட்சசி இல்லை. "பொம்பள வழி வர்ற நோவுன்றாங்க. நீயும் ஒண்ண பெத்துக்கினு இதே மாதிரி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா தூக்கிகினு திரியணுமா, யோசிச்சிக்கோ" என்று மட்டும் சொன்னாராம். அவள் புருஷன் வாயே திறக்கவில்லையாம். முடிவு அவளுடையதுதான். "அக்கா, இவன் கத்தனத நான் கண்ணால பாத்துட்டேன். என்னால ஆவாதுக்கா. நீ இரும்பு, நான் அப்படி இல்ல" என்றாள். கலைத்துவிட்டு, இனி வேண்டாமென்று குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனும் செய்துகொண்டாள். அன்றைக்கு நான்தான் கூட இருந்தேன். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, என் மகனுக்கு வீக்கம் வடிந்ததா என்று.

வெகுநாள் கழித்துத்தான் டாக்டர் என்னையும் என் கணவரையும் கூப்பிட்டார். கோளாறு அகப்பட்டுவிட்டது என்றார். எங்களுக்குப் புரியவேண்டுமே என்று மெதுவாகச் சொன்னார். நம் ஒவ்வொருவர் மரபணுத் தொகுப்பிலும் கிட்டத்தட்டப் பாதி, ஒருகாலத்தில் இடம்விட்டு இடம் குதித்துத் திரிந்த துண்டுகளின் மிச்சமாம். அநேகமாக எல்லாம் செத்துக் கிடப்பவை. கொஞ்சம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை தங்களையே நகல் எடுத்து, வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். குதிக்கும் மரபணு என்று அதற்குப் பெயர்.

"பெரும்பாலும் வெத்து எடத்துல விழும், ஒண்ணும் ஆகாது. எப்பவாவது முக்கியமான எடத்துல விழுந்துடும். சில பேருக்குப் புற்றுநோய்கூட அப்படி வந்திருக்கு. உங்க பையனுக்கு, ரத்தம் உறையறதுக்கான மரபணுவுக்கு நடுவுல விழுந்திருக்கு."

"ஓடற பெல்ட்டுல கல்லு மாட்டிக்கிட்ட மாதிரிங்களா?" என்றார் என் கணவர். அவருக்குத் தெரிந்த உலகம் அது.

"ஆமா, அப்படித்தான்."

"சுரங்கத்துத் தூசியாலயா?"

"அப்படிச் சொல்றதுக்கு ஆதாரம் இல்லங்க. எதனால குதிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க ரத்தத்துலயும் தேடினோம்மா. உங்ககிட்ட அது இல்ல. இவன் உருவான கருமுட்டையில, இல்ல இவன் கருவா இருக்கும்போது, புதுசா நடந்திருக்கு. ரத்தத்துல தெரியாம உங்க வேற கருமுட்டையிலயும் இருக்க கொஞ்சம் வாய்ப்பு உண்டு, அதனால இன்னொரு குழந்தை பெத்துக்கறதா இருந்தா நீங்க மட்டும் பரிசோதனை பண்ணிக்கணும். உங்க அம்மாவுக்கும் தங்கைக்கும் இதுல சம்பந்தமே இல்ல. தங்கைய நிம்மதியா இருக்கச் சொல்லுங்க."

நிம்மதி! டாக்டருக்கு என் தங்கை செய்துகொண்டது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொல்லி அவரையும் ஏன் அழவைப்பது.

பஸ் ஸ்டாண்டிலேயே என் கணவர் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, யார் ரத்தத்திலும் குறை இல்லை என்று சொன்னார். என் மாமியார், "டாக்டருங்க எதனா சொல்லுவாங்க" என்றார். வேறொரு நாளாக இருந்தால் போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அன்று பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் பழி சுமந்தபோதுகூட இப்படி இல்லை. பழி என்றால் எதிர்த்து நிற்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு காரணமே இல்லாமல் குதித்தது என்றால், யார் சட்டையைப் பிடிப்பது? எந்தச் சாமியை ஏசுவது?

தங்கையிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று எவ்வளவோ யோசித்தேன். அவளுடைய மகள்தான் என் தொண்டையில் முள்ளாக நின்றாள். நாளைக்கு அந்தப் பெண்ணைக் கேட்டு வருகிறவர்கள் காதில் "அவ அம்மா வழியில ரத்த நோவு" என்று யாராவது ஓதினால்? இல்லாத பழி அவளுக்கு எதற்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தாண்டிக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டில் தனியாக இருந்தாள். முந்திரிக்கொட்டை எண்ணெயில் கருத்துப்போன விரல்களால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"அப்ப எனக்கு இல்லியாக்கா?"

"இல்லடி. உனக்கும் இல்ல, பாப்பாவுக்கும் இல்ல. எனக்கே இல்ல."

முகமெல்லாம் சிரிப்பானது. "எம் பொண்ணு தப்பிச்சா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கை அங்கேயே இருந்தது. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் கேள்வி வந்துவிட்டது என்று.

"அப்ப அது? அது நல்லாதான் பொறந்திருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதிருப்பேன். உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள், அது கையோடு கரைந்துபோகும்வரை.

"நோவுள்ள புள்ளையத்தான் கலைச்சேன்னு நெனச்சிகினு இத்தினி நாளு தூங்கினேங்கா. அதுக்கு நல்லது பண்ணதா நெனச்சிகினு இருந்தேன். இனிமே எதை நெனச்சிகினு தூங்கறது? நீயே சொல்லு."

எழுந்து வந்துவிட்டேன், அவள் இருக்கவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. போன் போட்டால் எடுத்து, என் மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். போன வாரம் அவனுக்கு மறுபடியும் முட்டி வீங்கியது. ஊசி போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டான். "சித்தி ஏம்மா இப்பல்லாம் என்னைப் பாக்க வரதே இல்ல? நான் எதனா பண்ணிட்டேனா?"