முன்தண்டுக்காரர் ஜோனாஸ்

ஆகஸ்டு கடைசி வந்துவிட்டால் ஜோனாஸுக்கு வீடு தங்காது. செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு மாலை நாலு மணிக்கு வெளியே வருபவர், நேரே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினாலாங்கட்டைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அங்கே தகரக் கூரை போட்ட சின்ன மாதா கோவில் ஒன்று இருக்கிறது. செப்டம்பர் எட்டாம் தேதி திருநாள். கொடி ஏறிய நாளிலிருந்து புல் வெட்டுவது, விளக்குச் சரம் கட்டுவது, சப்பரத்தைத் துடைத்து எண்ணெய் பூசுவது என்று அவருக்கு வேலை ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தச் சப்பரத்தைச் செய்தவர் தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்த முனுசாமி. அவர் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர். மேனேஜர் பங்களாவுக்கு வந்த மரத்தில் மிச்சம் விழுந்ததைக் கேட்டு வாங்கி, மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து இழைத்தார். நல்ல கெட்டி மரம். பதினாறு பேர் தோள் கொடுத்தால்தான் அசையும். அந்தப் பதினாறு பேரில் வலது முன்தண்டு ஜோனாஸுடையது. அவருடைய அப்பா தோட்டத்தில் தண்டலாக ஆட்களை மேய்த்தவர். அவர் நின்ற இடம் அது. இருபத்திரண்டு வயதில் ஜோனாஸுக்கு வந்தது. முன்தண்டுக்காரர் குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் அடி எடுத்து வைப்பார்கள்.

ரப்பர்ப் பால் மரங்கள் நின்ற காலத்தில் அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாலை வெயில் இலைகளுக்கு நடுவே சல்லடை போட்ட மாதிரி விழும். செம்மண் பாதையில் சப்பரம் திரும்பும்போதே தொழிலாளர் லயத்து வீடுகளின் வாசல்களில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். மாரியம்மன் கோவிலிலிருந்து ஒரு சாமந்தி மாலை வரும். தேங்காய், வெற்றிலைத் தட்டோடு நிற்பவர்கள், பிள்ளையைத் தூக்கி மாதாவின் காலடியில் காட்டுகிறவர்கள், தாகத்துக்குச் சர்பத் கரைத்துக் கொடுக்கிறவர்கள் என்று தோட்டமே வெளியே நிற்கும். யார் வீட்டில் எந்தச் சாமி படம் என்று அன்றைக்கு யாரும் பார்க்கமாட்டார்கள். ஜோனாஸ் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தோட்டம் கை மாறியது. பால் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். லயங்களை இடித்தார்கள். சனங்கள் செங் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கும், சிலர் கோலா சுங்கை பாருவுக்கும் பிரிந்து போனார்கள். கோவில் நின்ற துண்டு நிலம் மட்டும் தப்பியது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் கார் பிடித்து அங்கே வந்து சேர்வார்கள். அந்த ஒரு நாள் பழைய லயமே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும் ஜோனாஸுக்கு.

ஐம்பத்து நாலாவது வயதில் அவருடைய வலது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. வேலைக்குப் போடும் பூட்ஸ் கடித்த கொப்புளம். அவருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. புண் ஆறவில்லை. மார்ச் மாதம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அந்த செப்டம்பரில் மனைவி பமேலா அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கோவிலுக்குக் கொண்டு வந்தாள். புது வேட்டி, தோளில் துண்டு. முன்தண்டில் இப்போது டாரியஸ் நின்றான். திருநாள் கமிட்டித் தலைவர் அந்தோணிராஜின் மகன், நல்ல பையன்.

"அங்கிள், நீங்க பின்னாடி வேன்ல உக்காந்துக்குங்க லா. கூட்டத்துல வீல்சேர இடிச்சிருவாங்க," என்றான். அக்கறையோடுதான் சொன்னான்.

வேனில் தண்ணீர் பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே ஜோனாஸ் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷமாக முன்னால் நடந்தவருக்கு ஊர்வலத்தின் வால் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அன்றைக்குத்தான் பார்த்தார். கைப்பிள்ளையோடு பின்தங்கிய பெண்கள். பாதி வழியில் மூச்சு வாங்கி மரத்தைப் பிடித்து நின்ற கிழவர்கள். அவர்களுக்கும் பின்னால், பழைய மாரியம்மன் கோவில் லயத்துக்காரர்கள் இருபது பேர் மெழுகுவத்தியோடு ஒதுங்கி நடந்து வந்தார்கள். அதில், சமையல் வேலையைப் பாதியில் விட்டு வந்த முனுசாமியின் மனைவி ராஜம்மாவும் இருந்தாள். செருப்பு இல்லாமல் நடந்தாள். வேனைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

அப்போதுதான் ஜோனாஸுக்கு அது ஞாபகம் வந்தது. முனுசாமி செத்த வருஷம், லயங்களை இடிக்கும் முன் நடந்த கடைசித் திருநாள். சப்பரத்தைத் தூக்கும் நேரத்தில் ராஜம்மா அவரிடம் வந்து, "எங்க வீட்டுக்காரரு செஞ்ச சப்பரம், இந்த ஒரு வருசம் நானும் ஒரு கை குடுக்கட்டுமா தம்பி?" என்று கேட்டாள். அவர் சிரித்தபடியே சொன்னார்: "பொம்பளைங்க தூக்குறது வழக்கமில்லக்கா. நீங்க நம்ம கோவிலும் இல்ல. பின்னாடி நில்லுங்க." சொன்ன மறு நிமிஷமே மறந்தும் போனார். அவள் அன்றைக்குப் பின்னால் போனவள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பமேலாவை அழைத்துக்கொண்டு ராஜம்மா வீட்டுக்குப் போனார். அவள் முன்கூடத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் பேசுனது தப்பு," என்றார்.

"என்னிக்கு?"

"முனுசாமி அண்ணன் போன வருசம். நீங்க தண்டப் புடிக்கறேன்னு கேட்டப்ப."

ராஜம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாயிடும் தம்பி. நீங்க சத்தம் போட்டிருந்தாகூட பரவால்ல. சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க."

ஜோனாஸ் தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்த வருசம் வந்து தூக்குங்கக்கா. நான் பேசறேன்," என்றார்.

"எனக்கு அறுபத்தாறு வயசு. இப்பப் போயி தூக்கச் சொல்றீங்களா?" அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "தூக்கறத விடுங்க. உங்க பமேலாவும் நானும் இன்னும் பத்துப் பொம்பளைங்களும் வருசா வருசம் அந்தக் குசினியில வேகறோம். ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்கீங்களா? எத்தன மணிக்குச் சோறு வேணும்னு ஆள் விட்டுத்தான சொல்லி அனுப்புறீங்க."

பமேலா ஒரு பிடி பயற்றங்காயை எடுத்து மடியில் போட்டு ஒடிக்க ஆரம்பித்தாள். ஜோனாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து திருநாளன்று அவள் ஊர்வலத்தில் எங்கே நடந்தாள் என்று யோசித்தார். அவள் நடந்ததே இல்லை. அந்த நேரம் சோற்றை வடித்துக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரியில் பூசை முடிந்து கமிட்டி கூடியது. ஜோனாஸ் இரண்டு பெண்களோடும் உள்ளே வந்ததும் பேச்சு அடங்கியது.

"இது கமிட்டி மீட்டிங் ஜோனாஸ்," என்றார் அந்தோணிராஜ். எழுபத்திரண்டு வயதானவர்.

"தெரியும்ணே. திருநாள நடத்தறவங்களத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

சப்பரத்துக்கு அடியில் ரப்பர் டயர் வைத்த சட்டம் ஒன்று செய்து, கயிறு கட்டி இழுக்கலாம் என்றார் ஜோனாஸ். பெண்கள், வயதானவர்கள், தன்னைப் போன்றவர்கள், பழைய லயத்துச் சனங்கள் என்று யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

அந்தோணிராஜின் முகம் சிவந்தது. "எங்கப்பா தூக்குனாரு, உங்கப்பா தூக்குனாரு. தோள் வலிச்சாத்தான் அது வேண்டுதல். மாதாவ தள்ளுவண்டியில வச்சிக் கொண்டுபோவச் சொல்றியா?"

உள்ளுக்குள் ஜோனாஸுக்கும் அதே எண்ணம்தான். அந்தத் தோள்வலிக்காக அவர் ராத்திரி பகலாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

பேசியது டாரியஸ். "அப்பா, போன வருசமே பதினாறு பேரு கெடைக்கல. பன்னெண்டு பேருதான் தூக்குனோம். எனக்கு முதுகு இன்னும் சரியாவல."

அப்போது பமேலா வாய் திறந்தாள். "இப்பல்லாம் இருட்டுற நேரத்துல, ஏழு மணிக்கு சப்பரம் கெளம்புனா எப்படிண்ணே? கைப்புள்ளக்காரி எப்படி வருவா? அஞ்சு மணிக்குக் கெளப்புங்க. சோத்த மத்தியானமே முடிச்சிருவோம். நாங்களும் ஒரு தடவ நடந்து பாக்கறோம்."

பேச்சு ஒரு மணி நேரம் போனது. கடைசியில் கோவிலிலிருந்து பழைய லயத்துச் சந்தி வரைக்கும் தோளில் தூக்குவது, அங்கிருந்து திரும்பும்போது சக்கரத்தில் இழுப்பது என்று முடிவானது. ராஜம்மாவையும் பமேலாவையும் கமிட்டியில் எழுதிக்கொண்டார்கள். கிறிஸ்தவர் இல்லாதவரைச் சேர்க்கலாமா என்று ஒருவர் இழுத்தார். சப்பரத்தைச் செய்தவரே கிறிஸ்தவர் இல்லையே என்று பூசை வைக்க வந்திருந்த பாதர் சொன்னதும் விட்டுவிட்டார். "நான் கயித்த தொடமாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தோணிராஜ் எழுந்து போனார்.

அந்த வருஷத் திருநாளில் வெயில் இன்னும் இறங்கவில்லை. சந்தியில் சப்பரத்தைச் சட்டத்தின்மேல் இறக்கினார்கள். டாரியஸ் நாற்காலியைத் தள்ள, கயிற்றின் தலைப்பை ஜோனாஸ் உட்கார்ந்தபடியே பிடித்தார். பின்னால் பமேலா. எதிர்ப்பக்கம் ராஜம்மா, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். ஆளாளுக்கு இழுத்ததில் சப்பரம் ஒரு வெட்டு வெட்டி முன்னால் பாய்ந்தது. மாதாவின் கிரீடம் ஒருபக்கம் சாய்ந்தது. எல்லாரும் கையை விட்டுவிட்டார்கள்.

ஜோனாஸ் குரல் கொடுத்தார். பழைய குரல்தான். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம் என்று அவர் சொல்லச் சொல்ல, கயிறு இறுகித் தளர்ந்து, சக்கரம் செம்மண்ணில் மெல்ல உருண்டது. இரண்டு பக்கமும் செம்பனைதான். ஆனால் அவருக்கு ஒரு நிமிஷம் பால் மரத்து இலைகளும், தட்டோடு வாசலில் நின்றவர்களும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போன அப்பாவின் முதுகும் தெரிந்தன. கண் நிறைந்தது. கயிற்றை விடாததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தோணிராஜ் சொன்ன மாதிரியே கயிற்றைத் தொடவில்லை. மெழுகுவத்தியோடு ஓரமாகக் கோவில் வரைக்கும் நடந்து வந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் பமேலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது ஜோனாஸ் தோளைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இங்க வெயிட்டே இல்லாம இருக்கறது ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"இருக்கத்தாங்க செய்யும்," என்றாள் அவள்.

எதிரே ராஜம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தாள். "கயிறு பத்தல தம்பி. பின்னாடி நின்னவங்களுக்குப் புடிக்க எடமில்ல. அடுத்த மீட்டிங்ல மறக்காம சொல்லணும்," என்றாள்.