விளக்கெண்ணெயில் இறங்கிய லாரி

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது, என்னால் ஆகாது என்றுதான் சொன்னேன். எனக்கு எதைக் கண்டாலும் பயம். பல்லி விழுந்தால் பயம், போன் அடித்தால் பயம். ஆனால் என் பயத்தைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணலூர்பேட்டைக்கு அருகே, கரும்பு வைத்துப் பிழைத்த குடும்பத்தில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பள்ளிக்கூட வயது. நான் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தேன். புத்தகப்பையை வைத்துவிட்டுக் கரும்பு லாரியில் கிளீனராக ஏறினார். டிரைவராகி, கள்ளக்குறிச்சியில் குடியேறி, கடைசியில் ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வாங்கினார். கல்வராயன் மலையிலிருந்து புளியும் மரவள்ளிக்கிழங்கும் ஏற்றிச் சின்னசேலத்தில் இறக்குவார். குடிப்பழக்கம் கிடையாது. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அந்த மலையில்தான். என் வீட்டுக்காரர் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நேரம் அது. கீழே ஊருக்கு ஊர் மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை, கடைகள் திறக்கவில்லை. எனக்கோ தலைப்பிரசவம் நெருங்கிவிட்டது. இந்த மலையிலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று தினமும் அழுதேன். அப்படி ஒரு காலையில் அண்ணனின் லாரி வாசலில் வந்து நின்றது.

"ரோடெல்லாம் மரமா கெடக்குது, சுத்திக்கினு வந்தேன். மொதப் பிரசவம் நம்ம வூட்லதான். கெளம்பு பாப்பா" என்றார்.

நான் மூட்டை கட்டுவதற்குள் அவர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். ஸ்டியரிங் பாக்ஸின் சீல் கிழிந்து, உள்ளே இருந்த ஆயில் வழியெல்லாம் ஒழுகித் தீர்ந்திருந்தது. டிரைவர் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பினால் அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பற்கள்தான் சக்கரத்தைத் திருப்பும். புது ஆயில் வாங்கக் கடை கிடையாது. ஒழுகுகிற பாக்ஸில் கிரீஸை அடைத்து ஓட்டுவது அந்தக் காலத்து லாரிக்காரர்களின் வழக்கம். ஒழுக்கு நிற்கும், செலவும் கம்மி. அண்ணனும் டப்பாவிலிருந்த கிரீஸை அள்ளி அடைத்தார். சமவெளியில் நேராகப் போகிற வண்டிக்குச் செய்வதை மலை இறங்குகிற வண்டிக்குச் செய்தார். அதுதான் தப்பு.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தெரிந்துவிட்டது. அண்ணன் எழுந்து நின்று, உடம்பு முழுவதையும் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். திரும்பிய வளையம் நேராக வர மறுத்தது. கரகரவென்று சத்தம். லாரியின் மூக்கு பள்ளத்துப் பக்கம் போனது. கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. "ஐயோ அண்ணா! எம்புள்ள! எம்புள்ள!" என்று நான் போட்ட கூச்சல் மலை முழுக்கக் கேட்டிருக்கும். பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். பின்னால் புளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் குதித்து வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"கத்தாத இரும்மா, அவரு பயந்துடப் போறாரு" என்று என்னை அடக்கினார்.

"வுடுங்க மாப்ள, கத்தட்டும்" என்றார் அண்ணன். "எனக்கின்னா பயம்?"

பாக்ஸின் மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். "கிரீஸு ஓரமா ஒதுங்கி மேடா நிக்குது. பல்லு ஓட்ற எடம் காஞ்சி கெடக்குது. ஆயிலுன்னா தானா திரும்பி வந்து சேரும். இது ஒதுங்குனா ஒதுங்குனதுதான்" என்றவர், கிரீஸை வழித்து வெளியே போட்டார். வேறு என்ன ஊற்றுவது? கேனில் இருந்த பழைய இஞ்சின் ஆயிலைத் தொட்டுப் பார்த்து, தண்ணியாட்டம் இருக்குது என்று வைத்துவிட்டார். நான் தலைக்கு எடுத்துவந்த தேங்காயெண்ணெயும் ஆகவில்லை. பிறகு என் மூட்டையைப் பார்த்தார்.

"அந்தப் பாட்டில்ல இன்னா?"

என் மாமியார் ஆமணக்கு வறுத்து இடித்துக் காய்ச்சிக் கொடுத்த விளக்கெண்ணெய். பிரசவத்துக்கு ஆகும், பிள்ளைக்கும் ஆகும் என்று அத்தை என் மடியில் வைத்து அனுப்பியது. உயிர் போகிற நேரத்திலும் எனக்கு, "அத்தை கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றுதான் வாயில் வந்தது.

"பெத்துக் காட்டு, கேக்க மாட்டாங்க" என்று வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்த்தார். நூல்போல இழுபட்டது. "தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலு கணக்கா இருக்குது. பல்லுல நல்லா ஒட்டும். ஆனா ஒழுவும். நின்னு நின்னுதான் ஊத்தணும்."

அப்படித்தான் இறங்கினோம். ஒரு வளைவு, ஒரு நிறுத்தம். என் வீட்டுக்காரர் கல் வைப்பார், அண்ணன் ஊற்றுவார். ஒவ்வொரு தடவையும் பாட்டிலில் எண்ணெய் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உயிர் இறங்கியது. வளைவு முடிவதற்குள் இது தீர்ந்துவிட்டால்? குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், செத்துப்போன அப்பாவைத் திட்டினேன், அண்ணனையும் திட்டினேன். வாயை மூடவே இல்லை. நடுவில் இடுப்பு வலித்ததும் சத்தம் போடக்கூட முடியாமல் அடங்கினேன். உடனே அண்ணன், "பாப்பா! இன்னா சத்தத்தக் காணோம்? கத்து!" என்றார்.

அடிவாரத்தில் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அங்கே நின்ற போராட்டக்காரர்களைப் பார்த்ததும் மிச்சமிருந்த உயிரும் போனது. ஒருவர் வந்து கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். "புள்ளத்தாச்சிடா, தள்ளுங்கடா!" என்றார். அத்தனை பேரும் தோள் கொடுத்து மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள். மறுநாள் என் மகள் பிறந்தாள்.

கடைகள் திறந்ததும் அண்ணன் செய்த முதல் வேலை, பாக்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, புது சீல் போட்டு, சரியான ஆயில் ஊற்றியதுதான். விளக்கெண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடுமாம். அதன்பிறகு கிரீஸ் அடைக்கிற டிரைவர் யாரைப் பார்த்தாலும் நிறுத்திப் புத்தி சொல்வார்.

அண்ணனின் கடைசி நாட்களில் கூடவே இருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் தாங்கிய அண்ணிக்கும் என் மகளுக்கும், அவரைத் தோளில் சுமந்த லாரி ஷெட்டுத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று மரம் புரட்டியவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் யார் மூலமாவது அவர்கள் கைக்குப் போனால், அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

கடைசி நாள் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. நான் பயத்தில் வாயடைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் திறந்து, "இன்னா பாப்பா, சத்தத்தக் காணோம்?" என்றார்.

"பயமா கீதுண்ணா."

"எனக்குந்தான். அன்னிக்கும் எனக்கு உசுரே இல்ல. நீ கத்திக்கினு வந்த பாரு, அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கினுதான் எறங்குனேன். பேசு."

பேசினேன். அத்தை எண்ணெய் பாட்டிலைக் கேட்ட கதை, என் மகள் பள்ளிக்கூடம் போக அடம்பிடித்த கதை, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவர் கைப்பிடி தளர்ந்தது எனக்குத் தெரிந்தது. நிறுத்தப் பயமாக இருந்தது. அண்ணி வந்து என் தோளைத் தொடும்வரை பேசிக்கொண்டே இருந்தேன்.