குகைக் கதவும் புலியும்

சோமனூரில் எனக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்தவர் விசைத்தறிக்காரர். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். பொங்கலுக்குத் தறிகள் நின்றதும், ஒரு பழைய சாகச வீடியோ கேமைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எல்லாப் பாகமும் வைத்திருந்தும், விளையாடுவது முதல் பாகம்தான். ஏன் என்று கேட்டேன்.

"குகைக் கதவுக்குப் பின்னால புலி உறுமுமுங்க. அது கேக்குற வரைக்கும் காது நல்லா இருக்குதுன்னு ஒரு தைரியமுங்க. தறிச் சத்தத்துல எங்கப்பாவுக்குக் காதே போயிருச்சுங்க."

இந்தப் பொங்கலுக்கு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவருகே வந்ததும் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். புலி உறுமியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் அசையாமல் காத்திருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"ஏனுங்க, டிவி சத்தத்தைக் கொறச்சுப்போட்டீங்களா?"

ரிமோட் அவர் மடியில்தான் கிடந்தது.